பொக்கற் வைத்த கில்ற்

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் முதலில் தெரிவது என் மனுசனின் முதுகுதான். பல்கனிக் கண்ணாடியோடு ஒட்டிப்போட்ட கதிரையில், வலது காலை முக்காலியில் தூக்கி வைத்தபடி, நீலக்கோடு போட்ட சாரத்தோடு யோசப் இருப்பார். காலையில் நான் போகும்போது எப்படி இருந்தாரோ அப்படியே. "வந்திட்டீரோ?" என்பார், திரும்பாமல். வராமல் எங்கே போறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சப்பாத்தைக் கழற்றுவேன்.

எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் உடுப்புத் தோய்க்கிற வேலை. நாள் முழுக்க ஊரார் வீட்டுப் படுக்கைவிரிப்பும் ஊரார் வீட்டுப் பைஜாமாவும். தோய்த்து, காயவைத்து, மடித்து, பெயர் பார்த்து அடுக்கிவிட்டு, பஸ் மாறி, ரொறன்ரோவில் நாங்கள் இருக்கிற வோபர்னுக்கு வந்து சேரும்போது ஒரு மனுசரின் முகத்தைப் பார்க்கவேண்டும் போல இருக்கும். கிடைப்பது முதுகு. எனக்கு அலுத்துப்போய்விட்டது, அதுதான் உண்மை.

போன வருசம் இவருக்கு அரையில், தொடை இடுக்கில், ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி, புற்றுநோய் போய்விட்டது, மாதாவே தோத்திரம். ஆனால் கட்டியோடு சேர்த்து அங்கிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டதால் வலது கால் வீங்கத் தொடங்கியது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும். பாண்டேஜும் சுற்றினால் ஒரு காலுக்குள் இரண்டு கால் இருக்கும். காலைப் பார்க்கிற தெரபிஸ்ற் பிள்ளை ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான். நட. வெளியே போய் நட. ஒவ்வொரு நாளும் நட. நடக்காவிட்டால் நீர் இறங்காது, கால் இறுகிவிடும், பிறகு எழும்பி நிற்பதே பாடாகிவிடும்.

"ஒருக்கா நடந்திட்டு வருவமே?" என்று கேட்டால், "எதைப் போட்டுக்கொண்டு?" என்பார்.

அதையும் பிழை என்று சொல்ல ஏலாது. ரொறன்ரோவில் களிசான் என்று எதையெல்லாம் விற்கிறார்களோ அதையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டேன். கால் போகிற அளவு எடுத்தால் இடுப்புக்குள் இன்னொரு ஆள் நிற்கலாம். தையற்காரரிடம் கொடுத்து ஒரு காலைப் பிளந்து சிப் வைத்தோம். சிப் போய் வெட்டின இடத்தில் உராய்ந்தது. கட்டைக் களிசான் எங்கே இறுக்கக்கூடாதோ சரியாக அங்கே இறுக்கியது. ஒவ்வொரு தரமும் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய் வரிசையில் நின்றது நான்தான்.

"அப்ப சாரத்தோடயே வாங்கோவன்" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். உடுப்பில்லாமல் வரச்சொல்லிக் கேட்டதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஆம்பிளைகளின் கதை அதுதானே. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை சாரம். சாரத்தோடு சாப்பாடு, சாரத்தோடு ரீவி, சாரத்தோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க் குப்பையும் போடுவார்கள். ஆனால் லிஃப்ற்றுக்கு அந்தப் பக்கம் சாரத்தோடு கால் வைத்தால் மானம் போய்விடும். சைவக்காரருக்காவது கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போக வழியிருக்கிறது. எங்கள் தேவாலயத்துக்குப் போனால் எல்லாரும் களிசானோடு நிற்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் சாரத்துக்கு மேலே கணுக்கால் வரைக்கும் தொங்கும் குளிர்க்கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, மகளின் காரில் ஏறி இறங்குவார். ஜனவரியில் அது சரி. மே மாதத்தில் அந்தக் கோட்டோடு யார் நடப்பது?

மகள் ஜூலி விட்பியில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நாங்கள் இரண்டு பேரும் களிசானுக்குச் சண்டை பிடிப்பதைக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஃபோனிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்.

"அப்பா, சீரியஸ்லி. ஜஸ்ற் வெயர் எ கில்ற்."

"என்னது?"

"கில்ற். ஸ்கொட்லாந்து ஆம்பிளையள் கட்டுறது. பாக்பைப் ஊதிக்கொண்டு போவினமே."

"உது பொம்பிளையளின்ர பாவாடை."

"நோ அப்பா. இப்ப எவ்ரிடே போடுறதுக்கும் இருக்கு. சும்மா கஷுவல். லுக்." ஃபோனை நீட்டினாள். தாடிக்காரன் ஒருவன் கறுப்புக் கில்ற்றோடு ஏணியில் நின்று கூரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரைக்கும் துணி, கீழே மொத்தமான நீளச் சொக்ஸ், சப்பாத்து. "பாண்டேஜுக்கு மேலால சொக்ஸ் போடலாம். தொடையில ஒண்டும் இறுக்காது. பெர்ஃபெக்ற்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "அப்பனுக்குப் பாவாடை கட்டிப் பாக்க ஆசைப்படுறாள், பெத்தெடுத்த பிள்ளை" என்று எழும்பி, காலை இழுத்து இழுத்து அறைக்குள் போய்விட்டார். ஜூலியின் முகம் செத்துப்போனது. விடு பிள்ளை, உந்த மனுசனோட கதைக்கேலாது என்றேன்.

அடுத்த நாள் காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கிறேன். பல்கனிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இஞ்சேர். உதுக்குப் பொக்கற் இருக்கோ?"

"எதுக்கு?"

"அதுதான், நேற்று ஜூலி காட்டினது."

"பொக்கற் உங்களுக்கு என்னத்துக்கு?"

"திறப்பு வைக்க."

வீட்டைப் பூட்டுகிற திறப்பு கதவோரத்து ஆணியில் மாதக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கிறவருக்குத் திறப்பு வேண்டாமே. அன்றைக்கு பஸ்ஸில் நின்றபடியே ஜூலிக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன், ஏதாவது மலிவாகப் பார்த்து ஓடர் பண்ணு என்று.

மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. கம்பளியில் வருவது என் இரண்டு கிழமைச் சம்பளத்தை விழுங்கும் என்றாள், ஆகவே இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுத்தோம். இடுப்பளவு கேட்டாள். இவர் சாரம் கட்டுகிற இடத்தில், வயிற்றுக்குக் கீழே, நான்தான் அளந்து சொன்னேன். பார்சல் வந்தது. திறந்தால் பிளாஸ்ரிக் மணம். இடுப்பில் இழுத்து ஒட்டுகிற வெல்குரோ. ஒரு பக்கம் வழுவழுவென்று மட்டமாக இருந்தது, மற்றப் பக்கம் முழுக்கக் கொசுவம். கொசுவம் முன்னுக்குத்தானே வரும், நான் கட்டாத சேலையா? கொசுவத்தை வடிவாக முன்னுக்கு விட்டு நானே கட்டிவிட்டேன். மனுசனும் பல்கனியில் போய் நின்று பார்த்தார். காற்று அடித்த அடியில் துணி விசிறிபோல விரிந்து மேலே போனது. இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

வீடியோவில் பார்த்த ஜூலி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அம்மா! இற்ஸ் பாக்வேர்ட்ஸ்! கொசுவம் பின்னுக்கு!"

சரி என்று திருப்பிக் கட்டினால் வயிறு இடம் விடவில்லை. அது தொப்புளடியில் கட்டுகிற சாமானாம், அளவும் அங்கேதான் எடுக்கவேண்டுமாம். எங்களுக்கு யார் சொன்னது? கதிரையில் இருந்ததும் வெல்குரோ கிர்ரென்று கழன்றது. அதையும் வரிசையில் நின்று திருப்பி அனுப்பினேன்.

"கடைக்குப் போய்ப் போட்டுப் பாத்து எடுப்பம், அப்பா" என்றாள் ஜூலி. ஒஷாவாவில் கில்ற் விற்கிற கடை ஒன்று அவளுக்குத் தெரியவந்ததாம். வெளியே போகிற உடுப்பு வாங்குவதற்கு வெளியே போகிற உடுப்பு வேண்டும், அதுவும் ஒரு கூத்து. ஜூன் மாதத்து வெயிலில் சாரத்துக்கு மேலே அந்தக் குளிர்க்கோட்டைப் போட்டு, கழுத்துமட்டும் பூட்டி, வியர்த்துக் கொட்டக் கொட்டக் காரில் இருந்தார்.

கடையில் நின்றது கழுத்தில் அளவுநாடா போட்ட நரைத்த மனுசி. கோட்டுக்குக் கீழே தெரிந்த சாரத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தொப்புளடியில் அளந்தாள், முழங்காலின் நடுவரைக்கும் நீளம் பார்த்தாள், நாலைந்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

இவர் உடனே சாரம் வாங்க வந்த ஆளாகிவிட்டார். துணியை விரல்களுக்கிடையில் வைத்து உரசினார். வெளிச்சத்துக்குப் பிடித்தார். மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார். "சாயம் போகுமோ?" என்று என்னிடம் கேட்டார், நானே நெய்ததுபோல. தோய்க்கிற உத்தியோகக்காரி நானும் மறுபக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டு, போகாது என்றேன்.

சிவப்பும் பச்சையும் கோடு போட்டது நல்ல மலிவில் கிடந்தது. கையாலே தள்ளிவிட்டார். "வேண்டாம். சாரமெண்டு நினைப்பினம்."

"அப்பா, உங்கட சாரத்தை ஒருத்தருக்கும் தெரியாது இங்க."

"எங்கட பில்டிங்கில எல்லாருக்கும் தெரியும்."

கறுப்பு ஒன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடுப்பில் தோல்வார் வைத்து, சின்னப் பக்கிள் போட்டுப் பூட்டுவது. கீமோவுக்குப் பிறகு இவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. பக்கிளோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டிவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அதை மேசையில் வைத்தார். நான் காணாததுபோல நின்றேன். கடைசியில் ஒரு கடும் மண்ணிறத்தில் வந்து நின்றோம். கனமான பருத்திக் கலப்புத் துணி, காற்றுக்கு எழும்பாது. அமத்தினால் பூட்டி, இழுத்தால் கழலுகிற பெரிய பட்டன்கள். இரண்டு பக்கமும் ஆழமான பொக்கற். போன வருசத்து நிறமாம், அதனால் விலையும் கையைக் கடிக்கவில்லை. களிசான்களுக்கு நான் வீணாக்கின காசோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பக்கவாட்டில் திரும்பினார். கையைப் பொக்கற்றுக்குள் விட்டு எடுத்தார்.

"எப்பிடி?"

"ஆம்பிளை மாதிரித்தான் இருக்குது" என்றேன்.

கலியாணம் கட்டின புதிதில் சிரித்ததுபோல ஒரு சிரிப்புச் சிரித்தார். கடை வாசலிலிருந்து கார் வரைக்கும் கோட்டில்லாமல் நடந்தார். கோட்டை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எனக்கு அப்படிச் சந்தோசம். இனிப் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன், மொக்குச்சி.

அடுத்த நாள் எனக்கு லீவு. நடக்கப் போவோம் என்று கீழே இறங்கினோம். லொபியில் மற்ற லிஃப்ற் திறந்து, வோக்கரைத் தள்ளிக்கொண்டு ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர் வந்தார். எங்களுக்குப் படிப்பித்தவர் இல்லை. ஆனாலும் எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

ஊரில் ஆம்பிளைகள் வேலைவெட்டி செய்யும்போது சாரத்தை முழங்கால் வரைக்கும் மடித்துச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொள்வார்கள். மதிப்பான ஆள் ஒருவர் எதிரே வந்தால் கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துக் கீழே விடும். யோசித்துச் செய்வதில்லை, அது கையின் பழக்கம். பாதிரியார் சுவாமிக்கு இறக்குவார்கள், வாத்தியாருக்கு இறக்குவார்கள், மாமனாருக்கு இறக்குவார்கள். செத்தவீட்டுப் பெட்டி போனாலும் இறக்குவார்கள். பெண்சாதிக்காக இறக்கின ஒருத்தனையும் நான் கண்டதில்லை.

மாஸ்டரைக் கண்டார், முழங்கால் வெறுமையாக இருப்பது நினைவு வந்தது, இவரின் கை இரண்டும் இடுப்புக்குப் போனது. மடிப்பு என்று நினைத்துப் பட்டன்களை இழுத்துவிட்டார். டக் டக்கென்று எல்லாம் கழன்று, கில்ற் திரைச்சீலை மாதிரிக் கையோடு வந்துவிட்டது. மேலே போட்டிருந்த நீளச் சேட்டு மானத்தைக் காத்தது. நான் பாய்ந்து துணியைப் பிடித்துச் சுற்றினேன்.

மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. ஒரு கையை வோக்கரிலிருந்து எடுத்து, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். ஊரில் மடிப்பை இறக்கும்போது பெரிய ஆட்கள் சொல்கிற பதில் அது. உன் மரியாதை வந்து சேர்ந்தது, நீ அப்படியே நில் என்று அர்த்தம். ஆனால் பின்னால் லிஃப்ற்றிலிருந்து வந்த இளசுகளுக்கு அது எங்கே விளங்கும்? கெக்கட்டம் போட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். இவர் திரும்பி லிஃப்ற்றுக்குள் ஏறினார்.

அதோடு சரி. கில்ற்றை மடித்து வந்த பையிலேயே போட்டு அலுமாரிக்குள் வைத்தார். திறப்பு திரும்பவும் ஆணிக்குப் போனது. மேலால ஒரு பெல்ற் போட்டால் கழலாது என்று சொல்லி, பக்கிளோடு மல்லுக்கட்டாமல் கொழுவினாலே போதுமான அகலமான பெல்ற் ஒன்றும் வாங்கிவந்து பைக்கு மேலே வைத்தேன். வைத்த இடத்திலேயே கிடந்தது. நான் போவேன், வருவேன், முதுகைப் பார்ப்பேன்.

ஓகஸ்ற்றில் தெரபிஸ்ற் பிள்ளை காலை அளந்துவிட்டு, நாடாவை எடுத்துத் திரும்பவும் ஒருக்கா அளந்தாள். முழங்காலுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிட்டதாம். வீட்டுக்கு வந்து, அவரின் கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு, நான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு அடக்க முடியவில்லை.

"நான் நாள் முழுக்க ஊரார்ர உடுப்பு மடிக்கிறன். வந்து உங்கட சாரத்தையும் மடிக்கிறன். நாலு பேர் சிரிச்சதுக்காக நீங்கள் கட்டிலில விழப்போறியள். விழுந்தா தூக்கப்போறது சிரிச்ச பெடியளோ? நான்தான். நாளைக்கு நான் விழுந்தா என்னை ஆர் தூக்குறது? சொல்லுங்கோ பாப்பம். எனக்கு ஏலாது. எனக்கு உண்மையா ஏலாது."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று கூட ஞாபகமில்லை, வேலையில் ஆள் குறைவு, என் பங்கோடு இன்னொருத்தியின் பங்கையும் மடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி அரைத் தூக்கத்தில் வந்து, எங்கள் பஸ் தரிப்பின் பெயர் சொல்லிக் குரல் கேட்டதும் எழும்பி இறங்கினேன்.

தரிப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றார். மண்ணிறக் கில்ற். மேலால நான் வாங்கின பெல்ற். பாண்டேஜ் காலில் ஒரு சொக்ஸ் கணுக்கால் வரைக்கும் இறங்கிக் கிடந்தது. முகமெல்லாம் வியர்வை. எங்கள் கட்டடத்திலிருந்து தரிப்பு நல்ல கால் உள்ளவனுக்குக் கூப்பிடு தூரம். அவருக்கு அது எவ்வளவு தூரமென்று அந்த முகத்தில் தெரிந்தது. முகம். முதுகில்லை.

"ஏன் வந்தனீங்கள்? ஆரும் கூட வந்தவையோ?"

"இல்லை. கதவைப் பூட்டிப்போட்டு வந்தனான்." பொக்கற்றில் தட்டினார். திறப்பு கிலுங்கியது.

நான் அவருக்குக் கிட்டப் போனேன். என் தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி, உடம்பெல்லாம் சவர்க்கார மணம். அப்போது அவரின் கை இரண்டும் கம்பத்தை விட்டு இடுப்புக்குப் போனது. விரல்கள் பெல்ற்றைத் தடவி மடிப்பைத் தேடின.

மாஸ்டரோ சுவாமியோ வருகிறார்களாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். பஸ் போய்விட்டிருந்தது. எனக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை.

பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு, பெல்ற்றில் இருந்த அவரின் கையைப் பிடித்தேன்.

"இருக்கட்டும்" என்றேன். "இருக்கட்டும், இருக்கட்டும்."